வைகாவூர்த் திருமலை: நீரும் விளக்கும் காத்த ஊர்

(விழாப் பேரவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட பகுதியில், வடமாதிமங்கலத்திற்கு அருகே ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் திருமலை. வேங்கடத்துத் திருமலையை அறிந்த அளவுக்கு இந்தத் திருமலையைத் தமிழ்நாட்டார் அறிந்திருக்கவில்லை. ஆயினும் இங்குள்ள பேரவையில் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் ஒரு முறையேனும் அம்மலைப் படிகளில் ஏறி, சிகாமணிநாதர் எனப் போற்றப்படும் நேமிநாத தீர்த்தங்கரரின் சுமார் 16 அடி உயரத் திருமேனியின் முன் கைகூப்பி நின்றிருப்பர். அண்ணாந்து நோக்கி வணங்கித் திரும்பும்போது, பாதையோரத்துப் பாறைகளில் எழுத்துகள் இருப்பதைச் சிலர் கண்டிருப்பர். நின்று படித்தோர் மிகச் சிலரே. அந்தப் பாறைகள் கூறும் ஓர் ஊரின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

சோழர் காலத்தில் இம்மலையின் அடிவாரத்து ஊர் வைகாவூர் எனப்பட்டது. ஜயங்கொண்ட சோழ மண்டலத்தில், பங்கள நாட்டில், முகை நாட்டைச் சேர்ந்த ஊர் அது. ஊரின் பெயரை ஒட்டி மலைக்கு வைகை மலை என்றும் வைகைத் திருமலை என்றும் பெயர் வழங்கியது. வைகாவூர் ஒரு பள்ளிச்சந்தம் என்று கல்வெட்டு குறிக்கிறது. அருகன் கோயிலுக்கும் துறவியர் பள்ளிக்கும் உரிமையாக்கப்பட்ட நிலமே பள்ளிச்சந்தம். அந்நிலத்தின் விளைவும் வருவாயும் வழிபாட்டிற்கும் அறத்திற்கும் செல்லும். எனவே வைகாவூரில் உழவும் வழிபாடும் இருவேறு தொழில்களாக இருக்கவில்லை. வயல் காய்ந்தால் கருவறை விளக்கும் வாடும். இந்த உண்மையை உணர்ந்தே அவ்வூரின் மிகப் பழைய கொடைகளைப் படிக்க வேண்டும்.

முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1005-06. அடிவாரக் கோபுரத்திற்கு முன்னுள்ள பாறையொன்றில் அவ்வாண்டைச் சேர்ந்த கல்வெட்டு உள்ளது. குணவீர மாமுனிவன் என்னும் துறவி, ஒரு கலிங்கைக் கட்டினார் என்பதே அது தரும் செய்தி. ஏரியில் நீர் மிகும்போது கரை உடையாமல் காக்கும் கல் வாயே கலிங்கு. இன்று ஊர்ப்புறத்தில் கலங்கல் என்கிறார்கள். கலிங்கு இல்லாத ஏரி பெருமழை பெய்த ஓர் இரவில் கரை உடைந்து, வயலையும் வீட்டையும் கொண்டு போகும். மலையின் இருமருங்கும் நெடுங்காலம் நெல் விளைய வேண்டும் என்ற நோக்கத்தையும் அக்கல்வெட்டு தெரிவிக்கிறது.

இங்கே இரண்டு செய்திகளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது, வயலும் வீடும் துறந்த முனிவர் ஒருவர், பிறர் வயலுக்காக நீர்ப்பணி செய்வித்திருக்கிறார். தமக்கென ஒரு பிடி நெல்லும் சேர்த்துவைக்காத ஒருவர், ஊரார் களஞ்சியம் நிறையக் கவலைப்பட்டிருக்கிறார். இரண்டாவது, அந்தக் கலிங்குக்கு அவர் தம் பெயரை இடவில்லை. கணிசேகர மருபொற்சூரியன் என்ற ஆசிரியப் பெருமகனாரின் பெயரை இட்டார். கட்டியவர் குணவீரர், பெயர் பெற்றது அவர் போற்றிய ஆசிரியருடையது. கொடைப் பலகைகளில் எழுத்தின் அளவு குறித்தே மனத்தாங்கல் எழும் இக்காலத்தில், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த ஒரு வரிச் செய்தி போதிய பாடமாகும்.

அடுத்த கல்வெட்டு உலகப் புகழ் பெற்றது. இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1024-25. சோழப் படை கங்கைக் கரை வரை சென்ற செய்தியை விரிவாகக் கூறும் மெய்க்கீர்த்தி இதில் உள்ளது. மகிபாலன், கோவிந்தசந்திரன், தர்மபாலன், ரணசூரன் ஆகிய கிழக்கு நாட்டு வேந்தர்களின் பெயர்கள் இதில் வருகின்றன. வங்காளத்தின் பழைய வரலாற்றை எழுதும் அறிஞர்கள், அந்நாட்டு அரசர்களின் காலத்தைக் கணிக்கத் திருமலைக் கல்வெட்டை எடுத்துக் காட்டுகிறார்கள். போளூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பாறை, கங்கைச் சமவெளியின் வரலாற்றுக்குச் சான்றாக நிற்கிறது.

ஆனால் அந்தக் கல்வெட்டு வெற்றியைப் பறைசாற்றுவதற்காக வெட்டப்பட்டதன்று. அக்காலத்து ஆவண மரபுப்படி, முதலில் அரசனின் மெய்க்கீர்த்தியும், அடுத்து ஆட்சியாண்டும், அதன்பின் நாடும் ஊரும், இறுதியில் கொடுத்தவர் பெயரும் கொடையும் வரும். நீண்ட வெற்றிப் பட்டியலைக் கடந்து இறுதிக்கு வந்தால், பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த மல்லியூர் வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, திருமலையிலுள்ள குந்தவை ஜினாலயத்திற்கு ஒரு நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு கொடுத்தார் என்ற செய்தி நிற்கிறது. அந்த அம்மையார் விளக்கு ஏற்ற விரும்பியதனால் அந்தப் பாறையில் உளி பட்டது. உளி பட்டதனால் இராசேந்திரனின் வெற்றிப் பட்டியலும் அங்கே நிலைத்தது. பேரரசனின் புகழை ஒரு வணிகர் மனைவியின் விளக்கு ஆயிரம் ஆண்டுகள் சுமந்து வந்திருக்கிறது.

ஜினாலயத்தின் பெயரில் உள்ள குந்தவை, சுந்தர சோழன் என வழங்கும் இரண்டாம் பராந்தகனின் மகள், இராசராசனின் தமக்கை, இராசேந்திரனின் அத்தை. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில், அன்றைய இராசராசபுரத்தில், சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் அவர் கோயில் எடுத்ததையும் கல்வெட்டு கூறும். சைவ அரச குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்மணியின் பெயர் அருகன் கோயிலுக்கு அமைந்தது அந்தக் காலத்துச் சமயப் பொறையை விளக்கும்.

நந்தா விளக்கு என்பது அணையா விளக்கு. கொடுத்த காசு அன்றே செலவழிந்துவிடாது. முதல் அப்படியே இருக்க, அதிலிருந்து வரும் பயன் நாள்தோறும் எண்ணெயாகவோ நெய்யாகவோ வர வேண்டும் என்பதே பொதுவான ஏற்பாடு. சந்திர சூரியர் உள்ளளவும் அறம் நடக்க வேண்டும் என்று அக்கால ஆவணங்கள் முடிவதன் பொருள் இதுவே. கொடுப்பவர் ஒரு நாள் கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் காசைப் பொறுப்பேற்றவரும், எண்ணெய் வார்ப்பவரும், திரி இடுபவரும், தலைமுறை தலைமுறையாகத் தவறாது நின்றால்தான் விளக்கு நந்தா விளக்காகும்.

இராசேந்திரனின் 12ஆம் ஆண்டுக் கல்வெட்டு மற்றொன்று இந்த ஏற்பாட்டின் கவனத்தைக் காட்டுகிறது. அது புதிதாக இடப்பட்ட ஒரு விளக்கைக் கூறுவதோடு அமையவில்லை. முன்னரே பல்லவ அரசர் தேவியார் சிண்ணவை இட்டிருந்த விளக்கும் தொடர்ந்து எரியப் பொருள் ஒதுக்கியதைக் கூறுகிறது. தம் விளக்கு எரிந்தால் போதும் என்று எண்ணாமல், முன்னவர் விளக்கும் அணையாதிருக்க வழிசெய்த மனப்பாங்கு அது. இராசராசனுக்கு முன் இப்பகுதியில் இராட்டிரகூடர் ஆதிக்கம் இருந்த கன்னரதேவன் காலத்திலும், கங்கமாதேவி என்னும் அரசியாரின் பணியாள் ஒருவர் இம்மலையில் விளக்கு வைத்துள்ளார். ஆட்சி மாறியது, நாட்டுப் பெயர்களும் மாறின, விளக்கிடும் வழக்கம் மாறவில்லை.

வழிபாட்டிடமாக மட்டுமன்றிக் கல்விக்கூடமாகவும் திருமலை விளங்கியது. பரவாதிமல்லர் என்னும் ஆசிரியர் இங்கிருந்தார். பிற வாதங்களை வெல்லும் மல்லர் என்று பொருள்படும் இப்பெயரே அவர் புலமையின் திறத்தை உணர்த்தும். அவர் மாணாக்கரான கடைக்கோட்டூர் அரிட்டநேமி ஆசாரியர் ஒரு யக்ஷித் திருவுருவைச் செய்வித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. மலைக்குகை அறைகளில் தருமதேவியும் பாகுபலியும் பார்சுவநாதரும் புடைப்புச் சிற்பங்களாகக் காட்சி தருகின்றனர். குகைச் சுவர்களிலும் விதானத்திலும் எஞ்சியுள்ள வண்ண ஓவியங்களில், சமவசரணத்தை வட்ட வடிவில் காட்டும் ஓவியம் குறிப்பிடத்தக்கது. எழுத்தறியாதவருக்கும் குழந்தைகளுக்கும் அறவுரையின் அவையை ஒரே பார்வையில் உணர்த்தும் பாடநூலாக அந்தச் சுவர் இருந்திருக்கும்.

அடுத்து வருவது பழுதுபார்த்த ஒருவரின் வரலாறு. தகடூர், அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் மரபினரான விடுகாதழகிய பெருமாள், இம்மலைக்கு வந்தார். தம் குல முன்னோனாகிய எழினி, சேரர் குடியினன், முற்காலத்தில் செய்வித்த யக்ஷன், யக்ஷி திருவுருவங்கள் சிதைந்திருப்பதைச் சீர்ப்படுத்தி, மீண்டும் மலைமேல் எழுந்தருளச் செய்தார். எறிமணி ஒன்றை அளித்தார். ஏரிக்குக் காலும் அமைத்தார். மணி அடிப்பது கோயிலுக்கு. கால் வெட்டியது வயலுக்கு. குணவீர முனிவர் தொடங்கிய நீர்ப்பணி, அரச குடியினர் ஒருவர் கையில் தொடர்ந்தது. பின்னர் வீரபாண்டியன் காலத்திலும் இவ்வூரில் நீர்ப்போக்கிக்கான பணி நடந்ததைக் கல்வெட்டு காட்டுகிறது. அதியமானின் கல்வெட்டு இம்மலையை எண்குணன் மலை என்ற பொருளில் தமிழிலும், அருகன் மலை என்ற பொருளில் வடமொழியிலும் போற்றுகிறது.

14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சம்புவராயர் ஆட்சி இப்பகுதியில் நடந்தபோது, இராசநாராயண சம்புவராயரின் 12ஆம் ஆட்சியாண்டில், பொன்னூரைச் சேர்ந்த மண்ணை பொன்னாண்டை என்பாரின் மகள் நல்லாத்தாள், வைகைத் திருமலையில் விகார நாயனார் பொன்னெயில் நாதர் திருவுருவை எழுந்தருளச் செய்தார். சமவசரணத்தின் பொன் மதிலுக்குரிய இறைவன் என்பது பொன்னெயில் நாதர் என்ற பெயரின் பொருள். நல்லாத்தாளுக்கு அரச பட்டம் எதுவும் கல்வெட்டில் இல்லை. இன்ன ஊர், இன்னார் மகள் என்பதே அவருக்குரிய அடையாளம்.

இனி இந்தப் பெயர்களை ஒரு வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். சாமுண்டப்பை மல்லியூர் வணிகரின் மனைவி. நல்லாத்தாள் பொன்னூர்க்காரர். விடுகாதழகிய பெருமாள் தகடூரார். அரிட்டநேமி ஆசாரியர் கடைக்கோட்டூரார். இவர்களில் எவரும் வைகாவூரில் பிறந்தவராகக் குறிக்கப்படவில்லை. வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்தவர்கள் இந்தச் சிற்றூரைத் தம்முடையதாகக் கருதினார்கள். அதனாலேயே வைகாவூர் நிலைத்தது. ஓர் ஊரின் வாழ்வுக்கு இருவகை மக்கள் வேண்டும். தொலைவிலிருந்தும் மறவாது கொடுப்பவர் ஒரு வகை. அருகிலிருந்து நாள்தோறும் எண்ணெய் வார்ப்பவர் மற்றொரு வகை. முதல் வகையினரின் பெயர்கள் கல்லில் உள்ளன. இரண்டாம் வகையினரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. ஆயினும் அவர்கள் ஒரு தலைமுறை தவறியிருந்தால் கல்லில் உள்ள பெயர்களுக்குப் பொருளே இல்லாமற் போயிருக்கும்.

1890ஆம் ஆண்டு, ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் திருமலைக் கல்வெட்டுகள் வெளிவந்தன. குணவீர முனிவரின் கலிங்குக் கல்வெட்டு உள்ள பாறையை, மண்ணுள் புதைந்த பாறை என்று அத்தொகுதி குறிக்கிறது. ஊருக்கு நீர் தந்தவரின் பெயரை ஊரின் மண்ணே மூடியிருந்தது. 1998ஆம் ஆண்டு அரகந்தகிரி திகம்பர ஜைன மடம் இம்மலையடியில் நிறுவப்பட்டபோது, பழைய கல்வெட்டில் வடமொழியில் நின்ற அருகன் மலை என்ற பெயர் மீண்டும் மக்கள் நாவில் வழங்கலாயிற்று. மறைந்த பெயர் மீள முடியும் என்பதற்கு இது சான்று. கல் இருந்ததனால் பெயர் மீண்டது.

சான்றோர்களே! திருமலையின் வரலாறு திருமலைக்கு மட்டும் உரியதன்று. வந்தவாசி, ஆரணி, போளூர், செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் ஜினாலயம் உள்ள சிற்றூர்கள் பல. இப்பேரவையில் உள்ள குடும்பங்கள் அவ்வூர்களில் ஏதேனும் ஒன்றைத் தம் ஊர் என்று சொல்பவையே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சமணர் சுமார் 89,000 பேர். அவர்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒரு பகுதியினரே. அவர்களிலும் படிப்புக்கும் பணிக்கும் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் சென்றோர் மிகுதி. ஊரில் தேர்த்திருநாள் என்றால் வண்டிகள் வந்து நிற்கும், வீதி நிறையும். திருநாள் முடிந்த மறுநாள் காலையில் ஜினாலயக் கதவைத் திறக்க உபாத்தியாயர் ஒருவரே வருவார். அந்த மறுநாள் காலையே இன்று பல ஊர்களின் உண்மை நிலை.

இதைக் கேட்டுச் சிலர் ஒரு வினா எழுப்பக்கூடும். ஆள் குறைந்த ஊரில் விளக்கு எரிவதைக் காட்டிலும், மக்கள் மிகுந்த நகரத்தில் கல்விக்கும் புதிய ஆலயத்திற்கும் பொருளைச் செலவிடுவது அறிவுடைமை அன்றோ? வினா நேர்மையானதே. கல்விக்குச் செலவிடுவதை எவரும் குறை கூறார். திருமலைப் பரவாதிமல்லரும் குறை கூறியிருக்கமாட்டார். ஆயினும் நகரத்து ஆலயம் பக்தி தரலாம். ஆயிரம் ஆண்டுச் சான்று தர இயலாது. தமிழ்ச் சமணர் இம்மண்ணின் பழங்குடியினர் என்பதை மெய்ப்பிப்பவை ஊர்களில் உள்ள பாறைகளும் ஜினாலயச் சுவர்களுமே. அந்த ஊர்களைக் கைவிட்டால், பேரப்பிள்ளைகள் தாம் யார் என்று கேட்கும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இராது.

எனவே, திருமலைப் பாறைகள் கற்பிக்கும் வழியில் சில கடமைகளை இவ்விழாவில் நினைவுகூர்வது பொருந்தும்.

முதற்கடமை எழுத்தைக் காத்தல். திருப்பணி என்ற நல்ல பெயரிலேயே பல இடங்களில் பழைய எழுத்து அழிகிறது. மணல்வீச்சினால் கல்லைத் தேய்ப்பதும், எழுத்துள்ள சுவரில் சுண்ணமோ வண்ணமோ பூசுவதும், தரைக்கல்லின் மீது பளிங்குப் பட்டை ஒட்டுவதும் நற்பணிகள் ஆகா. அதியமான் சிதைந்ததைச் சீர்ப்படுத்தினார். முன்னோனின் பெயரை அழித்துவிட்டுத் தம் பெயரை இடவில்லை. எழினி செய்ததை எழினியின் பெயராலேயே கல்லில் எழுதினார். திருப்பணி தொடங்குமுன் ஒவ்வொரு கல்லையும் நிழற்படம் எடுப்பதும், தொல்லியல் துறையினரை அழைத்துப் படியெடுக்கச் செய்வதும் எந்த ஊர்க் குழுவாலும் இயலும்.

இரண்டாம் கடமை நந்தா விளக்கு. சாமுண்டப்பையின் காசுக்கு இன்றைய ஈடு வங்கி வைப்புத்தொகை. ஓர் ஊரைச் சேர்ந்த குடும்பங்கள் கூடி முதலை வைத்துவிட்டால், வட்டி அந்த ஊர் ஜினாலயத்தின் எண்ணெய்க்கும் பூசைக்கும் ஆகும். அதனினும் முதன்மையானது விளக்கேற்றும் கையின் வாழ்வு. உபாத்தியாயர் குடும்பத்தின் பிள்ளைகள் படிக்கவும், நோயுற்றபோது மருத்துவம் பெறவும் வழி இல்லையாயின், எவ்வளவு முதல் இருந்தும் விளக்கேற்ற ஆள் இராது.

மூன்றாம் கடமை நீர். ஊரை விட்டு வந்தவர்க்கும் ஏரி உரியதே. ஊரார் ஏரி தூர்வாரும்போதும் கலங்கலைப் பழுதுபார்க்கும்போதும், நகரத்திலிருந்து ஒரு பங்கு செல்ல வேண்டும். அந்நீர் எல்லாச் சமயத்தார் வயலுக்கும் பாயும். குணவீர முனிவரின் கலிங்கும் யார் வயல் என்று கேட்டு நீர் விட்டிருக்காது. அகிம்சை என்பது தீங்கு செய்யாமையோடு நிற்காமல், அயலார் வாழ வழிசெய்வதாக மலர்ந்ததற்கு அந்தக் கலிங்கு சான்று.

நான்காம் கடமை பெயர். குடும்ப வரலாறு எழுதும்போது ஆண்களின் பெயர்களை மட்டும் வரிசைப்படுத்தும் பழக்கம் இன்றும் உள்ளது. திருமலைப் பாறையில் குந்தவை, சிண்ணவை, சாமுண்டப்பை, நல்லாத்தாள் என்று பெண்களின் பெயர்கள் நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கற்றச்சன் எழுதிய பெயர்களை, இன்றைய கணினி எழுதாமல் விடுவது முறையன்று. ஒவ்வொரு வீட்டிலும் பாட்டியின் பெயர், அவர் பிறந்த ஊர், அவ்வூர் ஜினாலயத்தின் மூலவர் ஆகிய மூன்றையும் இந்த ஆண்டிலேயே எழுதிவைக்கலாம். முதியோர் இருக்கும்போது கேட்டால்தான் விடை கிடைக்கும்.

அரசர்கள் போயினர். மெய்க்கீர்த்தியில் பாடப்பட்ட நாடுகளின் எல்லைகளும் மாறிப்போயின. மல்லியூர் அம்மையார் ஏற்றிய ஒரு திரியின் செய்தி மட்டும் வைகாவூர்ப் பாறையில் நிற்கிறது. அவர் தொலைவில் இருந்தவர், ஆனாலும் மறவாதவர். இங்கே கூடியுள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வைகாவூர் உண்டு. விழா முடிந்து வீடு திரும்பியதும், அந்த ஊரின் விளக்கில் நாளைக்கு எண்ணெய் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டறிய வேண்டும்.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!